மண் பலமோ? மண்ணின் வலிமையைக் குறைந்த செலவில் அளப்பது எப்படி

காணி வாங்கப் போகிறவர், அத்திவாரம் வெட்டுகிற மேசன், வெங்காயம் நடுகிற தோட்டக்காரர் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மண் பலமோ? பதிலும் அநேகமாக ஒரே மாதிரியே வரும். "அலவாங்கு போட்டுப் பார்த்தனாங்கள், இறங்கேல்லை. நல்ல பலமான மண்." அலவாங்கு போட்டது ஆடியிலா கார்த்திகையிலா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். செம்பாட்டு மண்ணுக்கு இவ்வளவு, களிமண்ணுக்கு இவ்வளவு என்று நிரந்தரமான ஒரு வலிமை கிடையாது. ஒரே காணி, ஒரே இடம், ஒரே அலவாங்கு. கோடையில் கை நோகும், மாரியில் சேற்றுக்குள் போவதே தெரியாது. ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு இறுகியிருக்கிறது, எந்த ஆழத்தில் பார்த்தோம் என்ற மூன்றும் தெரியாமல் "பலமான மண்" என்று சொல்வதில் பயனில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஓர் எண்ணை வைக்கப் பெரிய செலவு தேவையில்லை. நம்முடைய கட்டைவிரலிலிருந்து, வெல்டிங் கடையில் செய்விக்கக்கூடிய கம்பிவரை பல வழிகள் உண்டு. ஆனால் கருவிக்குப் போகுமுன், மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பிட்டு மாவில் நடப்பது

பிட்டுக்கு மா குழைப்பதைக் கவனித்திருப்பீர்கள். வறுத்த அரிசி மா தண்ணீர் படாமல் இருக்கும்போது கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஒழுகும். தட்டில் கொட்டினால் ஒரு சரிவோடு குவியும், அதற்குமேல் உயராது. கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்துப் பிசறினால் மா சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டையை விரலால் பிடித்துத் தூக்கலாம். தண்ணீர் ஒரு கை கூடிப்போனால் எல்லாம் களியாகி, பிட்டு என்ற பேச்சே இல்லை. மாவின் அளவு மாறவில்லை, மாவின் இனமும் மாறவில்லை. தண்ணீர் மட்டும்தான் மாறியது.

மண்ணிலும் இதே மூன்று நிலைகள் உண்டு. காய்ந்த மணலில் துணிக்கைகளைப் பிடித்து வைத்திருப்பது அவற்றுக்கிடையிலான உராய்வு மட்டுமே. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால், துணிக்கைகள் தொடும் இடங்களில் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அந்தப் படலத்தின் பரப்பிழுவை துணிக்கைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். இந்த இழுப்புக்கு உறிஞ்சல் என்று பெயர். இடைவெளிகள் முழுவதும் தண்ணீரால் நிரம்பிவிட்டால் படலமும் இல்லை, இழுப்பும் இல்லை. அதற்குமேல், சுமை வரும்போது அந்தச் சுமையின் ஒரு பகுதியைத் தண்ணீரே தாங்கத் தொடங்கும். தண்ணீர் தாங்கும் சுமையால் உராய்வு அதிகரிக்காது. துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்து, மண் வழுக்கத் தயாராகிவிடும்.

களிமண்ணில் துணிக்கைகள் மிகமிகச் சிறியவை என்பதால் உறிஞ்சல் மிகப் பெரிதாக இருக்கும். காய்ந்த களி கல்லாவதும், நனைந்த களி குழம்பாவதும் அதனால்தான்.

எதை எதிர்க்கும் வலிமை?

சுமையின் கீழ் மண் நசுங்கித் தூளாவது அரிது. அது வழுக்கும். மதிலின் அத்திவாரம் ஒரு பக்கம் புதையும்போது, கீழே இருந்த மண் ஒரு வளைந்த பாதை வழியாகப் பக்கவாட்டில் தள்ளப்பட்டு வெளியே எழும்பும். மண்ணின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின்மேல் வழுக்கிப் போவதை எதிர்க்கும் திறனைக் கொய்வு வலிமை என்கிறோம். மண்ணின் வலிமை என்று பொறியியலாளர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

இதை முதலில் ஒழுங்காக எழுதியவர் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர் கூலோம். மின்னேற்ற விதியால் பாடப்புத்தகங்களில் நாம் அறிந்த அதே கூலோம்தான். கரிபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டும் வேலையில் பல வருடம் இருந்தவர். 1773இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் அவர் வைத்த கட்டுரையில், வழுக்கலை எதிர்ப்பதில் இரண்டு பங்குகள் உண்டு என்றார். ஒன்று துணிக்கைகளுக்கிடையிலான பிணைவு. மற்றது உராய்வு, அது அழுத்தம் கூடக் கூடும். தண்ணீரின் பங்கைக் கணக்கில் சேர்க்க இன்னும் நூற்றைம்பது வருடம் சென்றது. 1920களில் கார்ல் டெர்சாகி அதைச் செய்தார். இஸ்தான்புல்லில் ஒரு கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்த அவர், தன் முதற் பரிசோதனைக் கருவிகளைச் சுருட்டுப் பெட்டி போன்ற கைக்கெட்டிய பொருட்களைக் கொண்டுதான் அமைத்தார். மலிவான கருவியைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்தது: மண்ணின் வலிமை என்பது வழுக்கலை எதிர்க்கும் திறன். அது பிணைவாலும் உராய்வாலும் வருகிறது. ஈரம் இரண்டையும் மாற்றிவிடும்.

நம் மண்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதன்மேல் சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் செம்பாட்டு மண். இரும்பு ஒட்சைட்டு அதன் களித் துணிக்கைகளைச் சிறு மணிகளாகச் சேர்த்து வைத்திருப்பதால் தண்ணீர் இறைத்தால் கெதியாக வடிந்துவிடும். அரியாலை, நாவற்குழி, கல்லுண்டாய் போன்ற கடல்நீரேரிக் கரைகளில் களியும் உவர்ச் சேறும். மணற்காட்டிலும் வடமராட்சி கிழக்கிலும் மணல். இவை மூன்றுக்கும் ஒரே கருவி சரிவராது. மண்ணின் பலத்தைப் பற்றிய குழப்பங்களில் பாதி, களிக்குச் செய்த கருவியை மணலில் குத்திப் பார்ப்பதால் வருவது.

முதற் கருவி: கட்டைவிரல்

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. களிமண்ணின் வலிமையை விரலால் தரம்பிரிக்கும் முறை பிரித்தானியப் பொறியியல் நடைமுறையில் நெடுங்காலமாக உண்டு. ஒரு பிடி ஈரக் களியை எடுத்துப் பொத்திப் பிடியுங்கள். விரலிடுக்கால் பிதுங்கினால் மிக மென்மை, 20 கிலோபாஸ்காலுக்குக் கீழே. மெதுவாக அமுக்க உருவம் மாறினால் 20 முதல் 40 வரை. பலமாக அமுக்கினால்தான் மாறுகிறது என்றால் 40 முதல் 75. பிசையவே முடியாது, ஆனால் கட்டைவிரல் பதியும் என்றால் 75 முதல் 150. நகம் மட்டும் கீறினால் அதற்கும் மேல்.

கிலோபாஸ்கால் என்பது அழுத்தத்தின் அலகு. 10 கிலோபாஸ்கால் என்பது ஏறத்தாழ ஒரு சதுர மீற்றரில் ஒரு தொன் பாரம். அப்படி நினைத்துக்கொண்டால் எண்கள் பிடிபடும்.

சட்டைப்பை ஊடுருவுமானி

பேனாவை விடக் கொஞ்சம் தடித்த குழாய், உள்ளே ஒரு சுருள்வில், நுனியில் 6.35 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டையான தண்டு. நுனியிலிருந்து 6.35 மில்லிமீற்றர் தூரத்தில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடுவரை மண்ணுக்குள் மெதுவாக அமுக்க வேண்டும். குழாயில் ஏறிய வளையம் நின்ற இடத்தில் அளவைப் பார்க்கலாம். அளவுகோல் சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம் என்ற கணக்கில் பெரும்பாலும் 4.5 வரை போகும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. கருவி காட்டுவது கொய்வு வலிமை அல்ல, பக்கத்தில் தாங்கல் எதுவும் இல்லாத மண் துண்டு ஒன்றை மேலிருந்து அமுக்கினால் அது உடையும் அழுத்தம். கொய்வு வலிமை அதில் பாதி. எனவே 1 என்று காட்டினால் கொய்வு வலிமை ஏறத்தாழ 50 கிலோபாஸ்கால்.

மணலில் இதைப் பாவிக்கவே கூடாது. கிறவலிலும் அப்படித்தான், ஒரு சின்னக் கல் நுனியில் பட்டாலே எண் தாறுமாறாகிவிடும். வெட்டிய கிடங்கின் சுவரிலோ அடியிலோ, காய்ந்த மேற்படையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பக்கம் பக்கமாக ஐந்தாறு இடத்தில் குத்தி நடுவான எண்ணை எடுங்கள்.

சேற்றுக்கு நான்கு தகடு

கடல்நீரேரிக் கரைச் சேற்றில் மேற்சொன்ன கருவியின் வளையம் அசையவே அசையாது. அதற்குப் பொருத்தமானது தகடு சுழற்றும் முறை. எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. மண் வழுக்குவதை நேரடியாக அளப்பது இதுதான்.

ஒரு கம்பியின் நுனியில் மெல்லிய உருக்குத் தகடுகளைக் கூட்டல் அடையாளம்போலக் குறுக்காக ஒட்டுகிறோம். முழு அகலம் 5 சென்ரிமீற்றர், உயரம் அதைப்போல் இரண்டு மடங்கு, 10 சென்ரிமீற்றர். சேற்றுக்குள் நேராக இறக்கிவிட்டு மேலிருந்து முறுக்கினால், தகடுகளுக்கு இடையில் அகப்பட்ட உருளை வடிவச் சேறு சுற்றியுள்ள சேற்றிலிருந்து அறுந்து சுழலும். அறுக்கத் தேவைப்பட்ட முறுக்கம் தெரிந்தால், அறுந்த பரப்பும் தெரியும் என்பதால், கொய்வு வலிமை கணக்கில் வந்துவிடும்.

முறுக்கத்தை அளக்க, பயணப் பொதி நிறுக்கும் கொக்கித் தராசே போதும். கம்பியின் தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி. நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். மேலே சொன்ன அளவுகளுக்கு, தராசு காட்டும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 6.4 கிலோபாஸ்கால். தராசு 2 கிலோவில் நின்று சேறு அறுந்தால் கொய்வு வலிமை 13 கிலோபாஸ்கால் அளவில்தான். அந்த இடத்தில் நேரே மதில் கட்டினால் மதில் நிலைக்கும் என்று நம்ப முடியாது.

இழுக்கும்போது அவசரப்படக் கூடாது. முறையான சோதனையில் நிமிடத்துக்கு 6 முதல் 12 பாகைதான் திருப்புவார்கள். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்போது கம்பி சாயப் பார்க்கும், இன்னொருவர் கம்பியை நிமிர்த்திப் பிடித்திருப்பது நல்லது. அறுந்த பிறகு பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள், எண் குறைந்திருக்கும். கலங்காத களியும் கலங்கிய களியும் ஒன்றல்ல என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. அத்திவாரக் கிடங்கின் அடியை மிதித்துக் குழப்ப வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் அதுதான்.

சுருக்கமாக: களிக்கு விரலும் சட்டைப்பை ஊடுருவுமானியும், சேற்றுக்குச் சுழல் தகடு.

தோட்டத்துக்கு ஒரு கம்பியும் தராசும்

தோட்டக்காரருக்கு வீடு விழுமா என்ற கவலை இல்லை. வேர் இறங்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. உழவு இயந்திரம் வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதுகொண்டிருந்தால், கலப்பை போகும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே மண் இறுகி ஒரு கடினப் படை உருவாகும். மேலே பார்த்தால் மண் பொலபொலவென்று இருக்கும். கரட் கிழங்கு கீழே போய் முட்டி இரண்டாகக் கவடு விட்டிருந்தால், சந்தேகப்பட வேண்டிய காரணங்களில் இந்தப் படையும் ஒன்று.

இதற்குக் கூம்பு ஊடுருவுமானி. விவசாயப் பொறியியலில் வழக்கமான சிறிய கூம்பின் அடி விட்டம் 12.8 மில்லிமீற்றர், நுனிக் கோணம் 30 பாகை. இந்த அளவுக்கு ஒரு கூம்பை லேத் உள்ள பட்டறையில் கடைந்து, அதைவிட மெல்லிய கம்பியில், 10 மில்லிமீற்றர் அளவில், பொருத்த வேண்டும். கம்பி மெல்லியதாக இருப்பது முக்கியம். தடித்தால் பக்கவாட்டு உராய்வும் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கெடுத்துவிடும். மேல் முனையில் ஒரு தட்டு. தட்டின்மேல் முள் ஓடும் பழைய வகைக் குளியலறைத் தராசை வைத்து, அதன்மேல் கைகளால் சீராக அமுக்குங்கள், விநாடிக்கு 3 சென்ரிமீற்றர் வேகத்தில். பக்கத்தில் ஒருவர் ஆழத்தையும் முள்ளையும் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பி, தட்டு, தராசு ஆகியவற்றின் சொந்த நிறையையும் கடைசியில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய எல்லை 2 மெகாபாஸ்கால், அதாவது 2000 கிலோபாஸ்கால். அதற்குமேல் பெரும்பாலான பயிர்களின் வேர் வளர்ச்சி கடுமையாகக் குறையும். நம் சிறிய கூம்பில் அது ஏறத்தாழ 26 கிலோ. 15 சென்ரிமீற்றர்வரை 10 கிலோவில் போய்க்கொண்டிருந்த கம்பி, 20இல் திடீரென்று 30 கிலோ கேட்டு, 30இல் மறுபடி இளகினால், கடினப் படை இருக்கும் ஆழமும் தடிப்பும் கையில் வந்துவிட்டது. ஆழ உழவு தேவையா, எவ்வளவு ஆழம் என்பதை இனி ஊகிக்கத் தேவையில்லை.

ஒன்றை மனதில் வையுங்கள். வேர் வெடிப்புகளையும் மண்புழுத் துவாரங்களையும் தேடிப் போகும், கம்பி அப்படிப் போகாது. அதனால் கம்பி சொல்வதைவிட வேர் கொஞ்சம் நன்றாகவே சமாளிக்கும்.

ஒழுங்கைக்கும் கிறவல் தளத்துக்கும்: விழும் சுத்தியல்

கைப்பலத்தால் இறங்காத மண்ணில் அடித்து இறக்க வேண்டும். 1950களில் அவுஸ்திரேலியாவில் ஸ்காலா என்பவர் தொடங்கிவைத்து, பிறகு தென்னாபிரிக்க வீதிப் பொறியியலாளர்கள் செம்மைப்படுத்திய கருவி இன்று உலகெங்கும் புழங்குகிறது. பெயர் இயங்குநிலைக் கூம்பு ஊடுருவுமானி. சுருக்கமாக டீ.சீ.பீ. என்றே எல்லோரும் சொல்வார்கள். 8 கிலோ நிறையுள்ள வளையச் சுத்தியல் ஒரு தண்டின் வழியே 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழும். கீழே 20 மில்லிமீற்றர் விட்டமும் 60 பாகைக் கோணமும் கொண்ட கூம்பு. ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

இதன் இரகசியம் உயரமும் நிறையும் மாறாமல் இருப்பதுதான். ஒவ்வோர் அடியும் 45 யூல் அளவு சக்தியைக் கொடுக்கிறது, அடிப்பவர் மெலிந்தவரா தடித்தவரா என்பது பொருட்டல்ல. அலவாங்கால் குத்திப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள முழு வித்தியாசமும் இங்கேதான். அலவாங்கு ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். எனவே சுத்தியலை மேல் தடுப்புவரை முழுதாக உயர்த்தி, தானாக விழ விட வேண்டும். கையால் தள்ளிவிட்டால் எண் பொய்.

வீதி வேலையில் இந்த எண்ணை சீ.பீ.ஆர். ஆக மாற்றுவார்கள். நல்ல உடைகல்லோடு ஒப்பிட்டால் இந்த மண் எத்தனை வீதம் எதிர்க்கிறது என்பதே சீ.பீ.ஆர். ஓர் அடிக்கு 10 மில்லிமீற்றர் இறங்கினால் அது ஏறத்தாழ 22 வீதம், 25 இறங்கினால் 8, 50 இறங்கினால் 4க்கும் குறைவு. நனைந்த களிமண்ணுக்கு வேறு சூத்திரம் உண்டு, இந்த எண்களை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். கூம்பு ஒரே இடத்தில் முட்டி நின்றால் கல்லாக இருக்கலாம், ஒரு முழம் தள்ளி மறுபடி இறக்கிப் பாருங்கள்.

எப்போது அளப்பது?

கேள்வியைப் பொறுத்து நேரம் மாறும். அத்திவாரத்துக்கு மண் ஆக மோசமாக இருக்கும் காலமே சரி, அதாவது ஐப்பசி, கார்த்திகை மழை ஊறிய பிறகு. ஆடி மாதத்தில்தான் காணி பார்க்க முடிகிறது என்றால், கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்பி, ஒரு நாளாவது ஊறவிட்டு, அடியில் வழுவழுத்த சேற்றைச் சுரண்டிவிட்டு அளக்கலாம். தோட்டத்துக்கு மண் நன்றாக நனைந்து வடிந்த நிலை வேண்டும். நல்ல மழைக்கோ இறைப்புக்கோ ஒன்றிரண்டு நாள் கழித்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த தறையில் எந்தக் கம்பியும் 2 மெகாபாஸ்காலைத் தாண்டிவிடும், அதை வைத்து ஆழ உழவுக்குக் காசு செலவழிப்பது வீண்.

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் திகதி, இடம், ஆழம், மண்ணின் வகை, கடைசி மழை எப்போது என்பதை எழுதுங்கள். முடிந்தால் அதே ஆழத்து மண்ணை ஒரு ரின்னில் எடுத்து நிறுத்து, அடுப்பில் ஈரம் போக வறுத்து மறுபடி நிறுங்கள். குறைந்த நிறையை வறண்ட மண்ணின் நிறையால் வகுத்தால் ஈரப்பதன் வரும். அது பக்கத்தில் இருந்தால் அடுத்த வருடமும் அந்த எண் பயன்படும்.

இந்தக் கருவிகள் சொல்லாதவை

சட்டைப்பை ஊடுருவுமானி தொட்டுப் பார்ப்பது மேல் 6 மில்லிமீற்றரை. அத்திவாரத்தின் பாரமோ, அதன் அகலத்தைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம்வரையாவது உணரப்படும். கிறவல் கொட்டி நிரப்பிய காணியில் மேலே எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், கீழே பழைய வயற்சேறு கிடந்தால் கட்டடம் அதைத்தான் கேட்கும். ஆகவே கிடங்கு வெட்டாமல் மேலே மட்டும் குத்திவிட்டு முடிவெடுக்கக் கூடாது.

வழுக்காமல் தாங்குவது வேறு, மெதுவாகத் தாழ்வது வேறு. களி வழுக்காமலே வருடக்கணக்கில் தண்ணீரைக் கசியவிட்டுத் தாழக்கூடும். சுவரில் கோடு விழுவது பலமுறை அதனால்தான். அதைச் சொல்ல இந்தக் கருவிகளில் ஒன்றும் இல்லை, ஆய்வுகூடத்துக்குத்தான் மண் மாதிரி போக வேண்டும்.

கடைசியாக, நமக்கே உரிய ஒரு சிக்கல். கம்பி சுண்ணாம்புக்கல்லில் முட்டி நின்றால் "கல்லு வந்திட்டுது" என்று நிம்மதி அடைவது வழக்கம். ஆனால் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் மெல்லமெல்லக் கரைந்து உள்ளே குகைகளை உண்டாக்கும் கல். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படி உருவான பள்ளம்தான். கம்பி சொல்வது கல்லின் மேற்பரப்பு எந்த ஆழத்தில் என்பதை மட்டும். கல் எவ்வளவு தடிப்பு, அடியில் வெற்றிடம் உண்டா என்பது அதற்குத் தெரியாது. ஒரு மாடிக்கு மேல் கட்டப்போகிறீர்கள் என்றால், அல்லது தண்ணீர்த் தாங்கி போன்ற பெரிய பாரம் ஒரே இடத்தில் வரப்போகிறது என்றால், கல்லுக்குள் துளையிட்டுப் பார்க்கும் செலவைப் பொறியியலாளரோடு பேசி முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.